வேறு கல்லூரியின் கடிதம்

ஏப்ரல் முதல் வாரத்தில் எல்ராய் ஜிலின்ஸ்கி தன் விஸ்கான்சின் பண்ணைப் பாத்திகளில் நின்ற குளிர்காலத் தண்ணீரை வடித்தான். மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினான். தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தேக்கத்துக்கு ஓடியது. பதினான்கு ஏக்கரில் கிரான்பெரி என்ற புளிப்புப் பழத்தின் கொடிகள் பழுப்புச் சிவப்பில் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஜனவரியில் பனிக்கட்டியின் மேல் லாரி ஓட்டிப் பரப்பிய மணல், கட்டி உருகியதும் கொடிகளுக்கு நடுவே இறங்கியிருந்தது. தெற்கே போன கொக்குகள் திரும்பி வந்து காலையில் கத்தின. அடுத்த வேலை தெளிப்பான்களைப் பொருத்துவது.

அந்த வாரம்தான் ஓஹியோக் கல்லூரியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது.

அவன் மனைவி நோரீன் அதைச் சாலையோரத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து அங்கேயே நின்று படித்தாள். பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்து வந்தவள். கை முழுக்க வெங்காய வாசனை. கடிதம் மரியாதையாக இருந்தது. நடிப்புத் துறையின் திறமை உதவித்தொகைகள் முடிவாகிவிட்டன. மகள் டெலானிக்கு இந்த ஆண்டு ஒதுக்க முடியவில்லை. ஆகஸ்டில் அவளை வரவேற்கக் காத்திருக்கிறார்கள்.

மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்க அவள் மகளின் படிப்புக்குப் பணம் தேடும் வேலையைத்தான் செய்திருந்தாள். அரசாங்கப் படிவத்தில் நிலத்தின் விலையை எழுதச் சொன்னார்கள். எழுதினாள். நீங்கள் வசதியானவர்கள், உதவி கிடையாது என்று பதில் வந்தது. நிலத்தை விற்றால் வசதிதான். விற்காதவரை, பழத்தின் விலை இறங்கிய ஐந்து வருடங்கள்தான் கையில் இருந்தன. தேவைக்கென்று கிடைக்காத பணம் திறமைக்கென்று கிடைக்கலாம். அவள் தேடினாள். கிரான்பெரிக்காரர் சங்கம் ஐந்நூறு டாலர் தரும், விவசாயம் படித்தால். பால் பண்ணைக்காரர்கள் தருவார்கள், வீட்டில் மாடு இருந்தால். போலந்து வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தது. அதற்குப் போலிஷ் மொழியில் ஒரு பக்கம் எழுத வேண்டும். எல்ராய்க்கு அந்த மொழியில் நான்கு வசவுகள் மட்டும் தெரியும்.

மீதி இருந்தது கல்லூரிகளே நடிப்புக்குத் தருவது. பிப்ரவரியில் நடிப்புத் தேர்வுக்காகச் சிகாகோவில் ஒரே ஓட்டலில் நாற்பது கல்லூரிகள் கூடின. மாடிக்கு நாலு அறை. டெலானி எட்டுக் கதவுகளுக்குள் போய் நடித்துக் காட்டிவிட்டு வந்தாள். மார்ச்சில் ஏழு கடிதங்கள் வருந்துகிறோம் என்றன. ஓஹியோவின் எட்டாவது கடிதம் வரச் சொன்னது. நாடு முழுவதிலிருந்தும் பதினாறு பேரை எடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி. மதிப்பெண்ணுக்கு ஒரு தொகையும் கொடுத்தார்கள். கடன் போக, வீட்டில் முடிந்தது போக, வருடத்துக்குப் பத்தாயிரம் குறைந்தது. நடிப்புத் துறை தனியாகத் தருவது ஏப்ரலில் முடிவாகும் என்று அதே கடிதத்தில் இருந்தது. அந்த ஏப்ரல்தான் இது.

மறுநாள் சமையலறையில் மார்லிஸிடம் சொன்னாள். மார்லிஸ் இருபது வருடமாக அவள் பக்கத்து மேசையில் நிற்கிறவள். இருவரும் தட்டுத் தட்டாகப் பீட்சாவைச் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நடிக்கறதுக்கு நாலு வருஷம் படிக்கணுமா?" என்றாள் மார்லிஸ். "என் வீட்டுக்காரன் படிக்காமலே நடிக்கிறான். முதுகு வலின்னு."

"பத்தாயிரம் இடிக்குதுடி."

"போன் பண்ணிக் கேளு."

"தர முடியாதுன்னு எழுதிட்டாங்களே."

"எழுதினா? என் பையன் கால்பந்துல காலேஜுக்குப் போனப்ப எனக்கும்தான் எழுதினாங்க. ஒருத்தன் கடுதாசிய இன்னொருத்தன்கிட்ட காட்டினேன். அவன் ரெண்டாயிரம் ஏத்தினான். அதக் கொண்டுபோய் இவன்கிட்ட காட்டினேன். கடைசில புத்தகக் காசு மட்டும்தான் நாங்க கட்டினோம்."

"எங்களுக்கு இன்னொரு கடுதாசி இல்லையே. ஒருத்தன்தானே எடுத்தான்."

"அது அவனுக்குத் தெரியுமா?"

நோரீன் கத்தியைத் துடைத்தாள்.

"முன்பணம் கட்டிட்டீங்களா?" என்றாள் மார்லிஸ்.

"இல்ல. மே ஒண்ணு வரைக்கும் நேரம் இருக்கே."

"கட்டிடாதே. கட்டிட்டா நீங்க வந்தாச்சுன்னு அர்த்தம். வந்துட்டவளுக்கு எதுக்குக் காசு குடுப்பான்? வரலாமா வேணாமான்னு யோசிக்கிறவளுக்குத்தான் குடுப்பான்."

மணி அடித்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்ராய் நான்காவது பாத்தியில் இருந்தான். அறுவடைக்கு முன் கழற்றிய தெளிப்பான்களை இரும்பு வாளியில் சுமந்து வரிசையாகப் போனான். குழாய் முனையில் இருந்த அடைப்பைத் திருகி எடுத்து, தெளிப்பானை வைத்துக் கையால் முடுக்க வேண்டும். ஒரு பாத்திக்கு நாற்பது. கொடியை மிதிக்காமல் நடக்க வேண்டும். நோரீன் முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு இன்னொரு வாளியை எடுத்தாள். ஒரு வரிசை பேசாமல் முடித்தார்கள்.

"காலேஜுக்கு முன்பணம் இப்பக் கட்ட வேணாம்னு மார்லிஸ் சொல்றா," என்றாள்.

எல்ராய் ஒரு தெளிப்பானை முடுக்கினான். அதன் தலையைச் சுழற்றிப் பார்த்தான். சரியாகச் சுற்றியது.

"கட்டியாச்சு."

"எப்போ?"

"மார்ச்சுல. கடுதாசி வியாழக்கிழமை வந்துது. வெள்ளிக்கிழமை காலைல தபால்ல போட்டேன். நானூறு."

"என்கிட்ட சொல்லல."

"கரண்டு பில்லு கட்டினா சொல்றேனா?"

சொல்வதில்லை. எந்தப் பில்லும் இந்த வீட்டில் இரண்டாம் ராத்திரி தங்கியதில்லை. வந்த அன்றே உறைக்குள் போகும். கல்யாணத்தின்போதே அவன் அப்படித்தான். அதைப் பார்த்துத்தான் அவளுடைய அப்பா சரி என்றார்.

"அதனாலதான் தரலன்னு நெனைக்கிறேன்," என்றாள்.

"எதனால?"

மார்லிஸ் சொன்னதைச் சொன்னாள். எல்ராய் நிமிர்ந்து நின்று கேட்டான். பிறகு குனிந்து அடுத்த அடைப்பைத் திருகினான். அது இறுகியிருந்தது. பல்லைக் கடித்துத் திருகினான்.

"வரேன்னு வாக்குக் குடுத்தவளுக்குக் கிடையாது. வருவாளோ மாட்டாளோன்னு இருக்கறவளுக்கு உண்டு," என்றான். "இது என்ன ஊரு வழக்கம்?"

நோரீன் அடுத்த குழாய்க்கு நகர்ந்தாள். வாளியில் இன்னும் இருபது இருந்தன.

டெலானி ஆறரைக்கு வந்தாள். பள்ளியில் வசந்தகால நாடக ஒத்திகை. பதினெட்டு வயது. எல்ராயின் உயரம், நோரீனின் வாய். உருளைக்கிழங்கு உருண்டைகள் போட்டு அடுப்பில் வைத்த மாட்டிறைச்சியை நோரீன் மேசையில் வைத்தாள். கடிதத்தையும் வைத்தாள். முன்பணத்தையும் சொன்னாள்.

டெலானி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அழவில்லை.

"அப்பா," என்றாள். "நீ அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"போகணும்னுதானே சொன்னே?"

"சொன்னேன்."

"அப்ப என்ன கேக்கணும்?"

டெலானி உருளைக்கிழங்கை முள்கரண்டியால் இரண்டாக்கினாள். நாலாக்கினாள்.

"அம்மா போன் பண்ணனும்," என்றாள். "நான் பேசினா பொண்ணு கெஞ்சுறான்னு இருக்கும். அம்மா பேசினா வேற. முன்பணம் கட்டினது அப்பா பழக்கத்துல கட்டினது. எம் பொண்ணு இன்னும் முடிவு பண்ணல. வேற இடமும் பாத்துக்கிட்டு இருக்கோம். அவ்வளவுதான்."

"எந்த இடம்னு கேட்டா?"

"சொல்லாதே. சும்மா இரு. நீ பேசாம இருந்தா அவரே பேசுவாரு. சும்மா இருக்கறத யாராலயும் ரொம்ப நேரம் தாங்க முடியாது."

"இதெல்லாம் ஸ்கூல்லயா சொல்லித் தராங்க?" என்றான் எல்ராய்.

"ஆமா. அப்பா, நீதான் ஓஹியோ. அம்மா, நீ பேசு."

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஓஹியோக்காரங்களும் சாப்பிடுவாங்க. ம், அம்மா."

நோரீன் கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஹலோ. நான் டெலானியோட அம்மா."

"சொல்லுங்க," என்றான் எல்ராய், வாயில் இறைச்சியோடு.

"உங்க கடுதாசி வந்துது. எங்களுக்குப் பணம் பத்தல."

"யாருக்குத்தான் பத்துது?"

"எல்ராய்!"

"ஓஹியோக்காரன் கேக்கறான். நானா கேக்கறேன்?"

டெலானி சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் முறை. "விடாதே அம்மா. போ."

"எம் பொண்ணு இன்னும் முடிவு பண்ணல. வேற இடமும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"எந்த இடம்?"

நோரீன் மகளைப் பார்த்தாள். டெலானி உதட்டில் விரலை வைத்தாள். குளிர்பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"எந்த இடம்னு கேட்டேனே அம்மா?"

"இல்ல… வந்து…" என்றாள் நோரீன். கழுத்து சிவந்துவிட்டது.

"பாத்தியா," என்றான் எல்ராய், மகளிடம். "உங்கம்மாக்கு வராது. எனக்கும் வராது. பக்கத்துப் பண்ணை ஹார்லி செஞ்சான். வெல ஏறின வருஷம் கூட்டுறவுச் சங்கத்த விட்டுட்டுப் பழத்த வெளியாளுக்கு வித்தான். அவன் காட்டின வெலைய இவன்கிட்ட, இவன் காட்டினத அவன்கிட்ட. நல்லாத்தான் சம்பாதிச்சான். இன்னைக்கு வரைக்கும் வெள்ளிக்கிழமை ஊர் கூடற மீன் சாப்பாட்டுக்கு வந்தா அவன் மேசைல எவன் உட்காருறான்?"

"அவன் புது டிராக்டர் வாங்கிட்டான்," என்றாள் டெலானி.

"தனியா உட்கார்ந்து சாப்பிடறான்."

"நீ இங்க உட்கார்ந்துக்கிட்டுப் பேசு அப்பா. எனக்கு ஓஹியோல யார்கூட மீன் சாப்பிடணும்னு இல்ல. படிக்கணும்."

எல்ராய் தட்டை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வெளியே போனான். பம்ப்பைப் பார்க்க வேண்டும் என்றான். பம்ப்பில் பார்க்க ஒன்றும் இல்லை.

நோரீன் மறுநாள் பத்தரை மணிக்கு, பிள்ளைகள் சாப்பிட வருவதற்கு முன், சமையலறைச் சாமான் அறையில் நின்று போன் செய்தாள். பெரிய தக்காளி டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கெல்சோ என்பவர் எடுத்தார். துறையில் சேர்க்கை பார்ப்பவர். குரல் மென்மையாக இருந்தது. டெலானியை நன்றாக நினைவிருக்கிறது என்றார். மார்ச்சிலேயே பணம் கட்டியது அவர்களுக்கு மிகவும் சந்தோஷம் என்றார். உதவித்தொகையை இன்னும் தயங்குகிறவர்களை அழைத்து வரப் பயன்படுத்துகிறோம், அதில் ஒளிவுமறைவு இல்லை என்றார்.

"அது அவ அப்பா பழக்கத்துல கட்டினது," என்றாள் நோரீன். "எம் பொண்ணு இன்னும் முடிவு பண்ணல."

"ஓ. அப்படியா? வேற எந்தக் கல்லூரி, கேக்கலாமா?"

நோரீன் வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. மகள் சொல்லித் தந்தது நினைவில் இல்லை. தக்காளி டப்பாவின் மேலிருந்த எடையைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். வேறு கல்லூரி இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் போனாள்.

"சரி, சரி," என்றார் கெல்சோ. "நீங்க பேரு சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சங்கடமாத்தான் இருக்கும். எனக்குப் புரியுது. ரெண்டு நாள் குடுங்க."

போனை வைத்தபோது கதவிடுக்கில் மார்லிஸ் நின்றாள். என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டாள்.

"தெரியல," என்றாள் நோரீன். "நான் ஒண்ணுமே சொல்லல."

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. டெலானி படித்துக் காட்டினாள். வருடத்துக்கு ஒன்பதாயிரம். நான்கு வருடமும். டெலானி நாற்காலியிலிருந்து எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். இன்னும் ஒரு வரி இருந்தது. மற்றக் கல்லூரிக்கு இணையாகத் தரப்படும் தொகை என்பதால், அந்தக் கல்லூரியின் கடித நகலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். அது வந்ததும் உறுதி செய்யப்படும்.

எல்ராய் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்னு வந்த கடுதாசி ஏழு இருக்கு," என்றாள் டெலானி. "ஏழையும் அனுப்பட்டுமா? நல்ல தாள். ரெண்டுல தங்க முத்திரை கூட இருக்கு."

"டெலானி."

"ஸ்கூல்ல நல்ல பிரிண்டரும் இருக்கு."

"டெலானி!"

"சும்மா சொன்னேம்மா."

சும்மாதான் சொன்னாள். ஆனால் செவ்வாய் முழுக்கவும் புதன் முழுக்கவும் நோரீனின் மனதில் அந்த இல்லாத கடிதம் இருந்தது. மேலே பெயர், கீழே கையெழுத்து, நடுவில் ஒரு தொகை. தொலைந்துவிட்டது என்று சொல்லலாம் என்று நினைத்தாள். போனில்தான் சொன்னார்கள் என்று சொல்லலாம். சோளத்தை வடிகட்டும்போது ஒன்று தோன்றியது, தட்டு அடுக்கும்போது இன்னொன்று. ஒவ்வொன்றையும் மனதுக்குள் கெல்சோவிடம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கழுத்து சூடானது. புதன் மாலை எல்ராயிடம் கேட்டாள்.

"என்ன பண்றது?"

"ஆறாவது பாத்தி பாக்கி இருக்கு," என்றான்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. பாத்தியில் வேலை இல்லை. ஒத்திகையும் இல்லை. டெலானி நாலு மணிக்கே வந்துவிட்டாள். நோரீனும் அவளும் எல்ராயைத் தேடிக்கொண்டு பம்ப் கொட்டகைக்குப் போனார்கள். நாளைக்கு என்ன எழுதுவது என்று மூன்று பேருமாக முடிவு செய்ய வேண்டும். கதவருகே வந்தபோது உள்ளே அவன் குரல் கேட்டது. டெலானி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எல்ராய் மேசைக்கு முன்னால், அவர்களுக்கு முதுகு காட்டி நின்றான். போனைத் தோளில் இடுக்கி, கையில் ஒரு தெளிப்பானை வைத்துக் கம்பியால் அதன் துளையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"டெலானியோட அப்பா பேசறேன்… ஆமா, விஸ்கான்சின்… அந்தக் கடுதாசி அனுப்ப முடியாது… தொலையல. இல்லவே இல்ல."

மழை தகரத்தில் விழுந்தது.

"இல்லைங்க. என் வீட்டுக்காரி பொய் சொல்லல. நீங்க கேட்டீங்க, அவ சும்மா இருந்தா. சும்மா இருன்னு சொல்லிக் குடுத்தது என் பொண்ணு. அவள நடிக்கறதுக்குச் சேத்துக்கிட்டது நீங்க."

டெலானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எட்டு எடத்துக்குப் போனா. ஏழு பேரு வேணாம்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான்… ஆமா, முன்பணம்தான். மறுநாளே அனுப்பினேன்." கம்பி நின்றது. "நேர்மையா? இல்லைங்க. பில்லு கட்டறது வேற. இது பயம். ஏழு பேரு வேணாம்னு சொன்னப்புறம் நீங்க மட்டும் வாங்கன்னு சொல்றீங்க. தப்பா அனுப்பிட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னு இன்னொரு கடுதாசி வரும்னு நெனச்சேன். காச வாங்கிட்டா அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாதில்ல. அதுக்குத்தான்."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ம் என்றான். இன்னொரு ம்.

"அஞ்சு… நாலு வருஷமும்?… எழுத்துல அனுப்பிடுங்க. மே ஒண்ணுக்கு முன்னாடி."

போனை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினான். வாசலில் இருவரும் நின்றார்கள்.

"அஞ்சாயிரம் தரேங்கறான்," என்றான் நோரீனைப் பார்த்து. "ஒம்பது முடியாதாம். யாரோ ஒரு பையன் வரலன்னு சொல்லிட்டான். அவன் காசு."

"பாக்கி அஞ்சு?"

"பெரிய பண்ணைல குளிருக்கு மணல் ஓட்ட ஆள் கேட்டாங்க. நம்மது முடிஞ்சதும் போறேன்."

"கோடைல தேவாலய முகாமுக்குச் சமையல் ஆள் வேணுமாம். நான் போறேன்."

இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. டெலானி மட்டும் நகரவில்லை.

"தப்பா அனுப்பிட்டாங்கன்னு நெனச்சியா அப்பா?"

எல்ராய் கம்பியைப் பார்த்தான். "ம்."

"ஏன்?"

"நான் பாத்ததில்லையே."

பள்ளியில் வருடத்துக்கு இரண்டு நாடகம். அக்டோபரில் ஒன்று. அக்டோபரில் பாத்தியில் தண்ணீர் நிற்கும், பழம் மிதக்கும், விட்டுவிட்டு வர முடியாது. மே மாதத்தில் ஒன்று. மே மாதத்தில் எந்த மாலையில் உறைபனி இறங்கும் என்று தெரியாது, கொடி கருகாமல் இருக்கத் தெளிப்பானைத் திறக்க ஆள் வேண்டும். நாலு வருடத்தில் இதுவரை ஏழு நாடகம். நோரீன் எல்லாவற்றுக்கும் போனாள். போய் வந்து நன்றாக இருந்தது என்பாள். அவள் யாரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வாள். சிகாகோவில் டெலானி என்ன செய்தாள் என்பது அவளுக்கும் தெரியாது. பெற்றோரை உள்ளே விடவில்லை. எட்டு மூடிய கதவுகளுக்கு வெளியே கம்பளத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணர நிமிஷம்தான்," என்றாள் டெலானி.

"எது?"

"சிகாகோல பண்ணினது."

"இப்பவா?"

"இப்பதான்."

"சரி, பேசு. நான் இத முடிச்சுக்கிட்டே கேக்கறேன்."

"இல்ல. அதக் கீழ வை."

எல்ராய் தெளிப்பானைக் கீழே வைத்தான். கம்பியையும் வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். நோரீன் கதவை உள்ளிருந்து சாத்தி அதில் சாய்ந்து நின்றாள். டெலானி எதிர்ச் சுவர்ப் பக்கம் போய், குழாய்களுக்கு முன்னால் அவர்களுக்கு முதுகு காட்டி நின்றாள். தோள்கள் மெல்ல இறங்கின. நிற்கும் விதம் மாறியது. வயது கூடியது போல் இருந்தது. அவள் திரும்பியபோது அந்த வீட்டில் யாருக்கும் இல்லாத முகம் ஒன்று இருந்தது. அது நேராக எல்ராயைப் பார்த்துப் பேசத் தொடங்கியது.

எல்ராய் தொப்பியைக் கழற்றினான்.